நாலாவது வரி

பிப்ரவரி 9

இன்றும் நங்கூரத்திலேயே நிற்கிறோம். கரை கண்ணுக்கு எட்டுகிறது, கைபேசிக்கு எட்டவில்லை. இருட்டினால் அங்கே விளக்கு வரிசையாக எரியும். யார் வீட்டு விளக்கோ. கம்பெனி எங்களைக் கைகழுவிவிட்டது, துறைமுகம் பாக்கிக்காகக் கப்பலைப் பிடித்துவைத்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, நடுவில் பதினொரு பேர்.

சமையல் மாஸ்டர் தட்டை நீட்டினார். “இந்தா லைட்டு, உருளைக்கிழங்கு. நாளைக்கு ஒரு மாறுதலுக்கு உருளைக்கிழங்கு.” கப்பலில் மின்சார வேலை பார்ப்பதால் நான் லைட்டு. பெயர் வைத்ததும் அவர்தான். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் சாப்பாட்டு அறை முன்னைவிட அமைதியாகிவிட்டது.

ஊரில் என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. என் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். மேல்தளத்து ரேடியோவில் துறைமுகத்தோடு பேசலாம், வீட்டோடு பேச முடியாது. “சாட்டிலைட் லைன் செத்துப்போச்சுப்பா. கம்பெனி கட்டணம் கட்டலை, நான் என்ன பண்ண?” என்கிறார் கேப்டன்.

பிப்ரவரி 10

மழை. தண்ணீர் பிடித்தோம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 13

லைன் செத்துவிட்டது சரி. அப்புறம் மேல்தளத்துச் சாட்டிலைட் குடை ஆன்டெனா ஏன் இன்னும் சூடாக இருக்கிறது? இன்று துரு துடைக்கப் போனபோது கை வைத்துப் பார்த்தேன். செத்த மாடு உதைக்குமா?

கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பார்க்க விடாமல் கம்பெனிக்காரன் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறான். ஆனால் புரோகிராம் எழுத அதிலேயே வழி இருக்கிறது, அதைப் பூட்ட மறந்துவிட்டான். நானே நாலு வரி எழுதினேன் — இந்தக் கம்ப்யூட்டரின் முகவரி என்ன, சொல்லு.

சொன்னது: 127.0.0.1.

அட மக்கு! அது எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் சொல்கிற பதில். தனக்குத்தானே பேசிக்கொள்ள வைத்திருக்கும் முகவரி. என்னையும் சேர்த்து இந்தக் கப்பலில் எல்லாருக்கும் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 14

தப்பு என்னுடையதுதான். கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்டால், அது தன்னையே காட்டிக்கொள்ளும். அதில் எத்தனை நெட்வொர்க் கார்டு இருக்கிறதோ, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உன் முகவரி என்ன என்று கேட்க வேண்டும். கேட்டேன். நாலு வரி வந்தது.

முதல் வரி அதே தனக்குத்தானே. இரண்டாவது எஞ்சின் அறை மானிகளுக்குப் போவது. மூன்றாவது எங்கள் லைன், நாங்கள் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அதில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது. முகவரி கொடு, கொடு என்று கேட்டு யாரும் கொடுக்காதபோது கார்டு தானாகவே போட்டுக்கொள்கிற எண் அது. அனாதை தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட மாதிரி.

நாலாவது? அப்படி ஒரு கார்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் ஒழுங்கான முகவரி. சாட்டிலைட் பெட்டி விழித்திருந்தால் மட்டும் கிடைக்கிற முகவரி.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். கூரைப் பலகைக்கு மேலே ஏறி, நடைபாதை தாண்டி, கேப்டன் அறைக்குள் இறங்குகிறது.

பாவி மனுஷா.

பிப்ரவரி 15

சண்டை போடத்தான் போனேன். கதவைச் சாத்திவிட்டு அவரே ஆரம்பித்தார். “கண்டுபிடிச்சிட்டியா? உக்காரு. இந்த லைனுக்கு மட்டும் கம்பெனி ஓனர் கட்டணம் கட்டறான். எதுக்குத் தெரியுமா? நான் உங்களைச் சத்தமில்லாம வெச்சிருக்கேன்னு. பதினோரு பேரும் வீட்டுக்குப் பேசினா ஊரெல்லாம் தெரிஞ்சிடும். அன்னிக்கே வெட்டிடுவான். அப்புறம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.”

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். “உன் பொண்டாட்டிக்கு மாசம்தானே? சாயங்காலம் இங்கே வா. கொஞ்ச நேரம் பேசிக்க. வெளியே மூச்சு விடாதே. அவளும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

முடியாது என்று எழுந்து வந்திருக்க வேண்டும். எங்கே வந்தேன்? போனைக் காட்டினார், தலை தானாக ஆடியது.

பிப்ரவரி 16

பேசினேன். அழுதாள். திட்டினாள். குழந்தை உதைக்கிறதாம்.

பிப்ரவரி 20

சாயங்காலம் ஆனால் கேப்டன் அறை. வயரிங் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மாஸ்டர் விடுவாரா? “என்ன லைட்டு, முகத்துல பிரகாசம் ஏறுது? எல்லாரும் அதே கிழங்கைத்தானே திங்கறோம், உனக்கு மட்டும் எப்படிடா ஒட்டுது?” தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்து வைத்தேன்.

கப்பலில் அடைபட்டது போதாதென்று இப்போது அந்த அறையில் வேறு அடைபட்டிருக்கிறேன். சாவி என் கையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 23

இன்று அவள் நலம் விசாரிக்கவில்லை. எடுத்ததுமே, “மாஸ்டரோட தங்கச்சி போன் பண்ணிச்சுங்க” என்றாள். கப்பல்காரர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருக்கிறார்களாம். “அவங்க அம்மா படுத்த படுக்கையா இருக்காங்களாம். மகன் எங்கே மகன் எங்கேன்னு கேக்கறாங்களாம். கப்பல்லேர்ந்து ஏதாவது தெரிஞ்சுதா அக்கான்னு அந்தப் பொண்ணு அழுவுது. இல்லைம்மான்னு பொய் சொன்னேன். வயித்துப் பிள்ளையை வெச்சுக்கிட்டுச் சொன்னேன். இன்னொரு வாட்டி என்னால முடியாதுங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்லட்டும்?”

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 24

மாஸ்டரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயம். சொல்லாமல் இருக்கலாமா? அவர் அம்மா போய்விட்டால்? சொல்லி, ஓனர் லைனை வெட்டி, அங்கே அவளுக்கு வலி எடுக்கிறபோது என்னிடம் ஒன்றுமில்லாமல் போனால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு கிழங்கு கூட வைத்தார். “அப்பாவாகப் போறவன், தின்னு.”

பிப்ரவரி 25

சொல்லவில்லை. தூ.

பிப்ரவரி 26

காலையில் சமையலறைக்குப் போனேன். தோல் சீவிக்கொண்டிருந்தார். “மாஸ்டர், உங்க அம்மாவுக்கு உடம்பு முடியலையாம்.”

கத்தி நின்றது. “உனக்கு எப்படித் தெரியும்?”

கையைப் பிடித்துக் கண்ட்ரோல் ரூமுக்கு அழைத்துப்போய், புரோகிராமை ஓட்டி, நாலாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். “இது உயிரோட இருக்கு. கேப்டனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.” அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “எப்பலேர்ந்து?” சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கேபிளை எங்கள் பழைய லைன் போனோடு இணைத்தேன், அங்கிருந்தே கூப்பிட்டார். தங்கை போனை அம்மா காதில் வைத்தாள். அம்மாவால் பேச முடியவில்லை போல, இவர்தான் பேசினார். “நல்லா இருக்கேம்மா… சாப்பிட்டேம்மா. கறி, முட்டை, எல்லாம் இருக்கு. வகைவகையா சமைக்கறேன். வந்திடறேன், நீ கண்ணை மூடிடாதே.” நான் வெளியே வந்துவிட்டேன்.

மதியத்துக்குள் எல்லாரும் வரிசையில். கேப்டன் வந்து பார்த்தார். “போச்சு. இன்னிக்கே வெட்டிடுவான் பார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 28

ஓனர் வெட்டவில்லை.

வெட்டவேயில்லை! வீட்டு ஆட்கள் தொழிற்சங்கத்துக்குப் போய்விட்டார்கள், பத்திரிகையில் வந்துவிட்டது, இனி வெட்டினால் அவனுக்குத்தான் கேடு. அப்போ நான் எதுக்குடா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்? இல்லாத பூச்சாண்டிக்கா?

மார்ச் 3

மாஸ்டர் தட்டை நீட்டுவதில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். லைட்டு என்று கூப்பிடுவதில்லை. எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் தாங்கலை.

மார்ச் 8

துறைமுக அதிகாரி படகில் வந்தார். எல்லாரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். சாப்பாட்டு அறையில் ஒரே கூச்சல், கட்டிப்பிடித்தல், எஞ்சின்காரர் பெஞ்சின் மேல் ஏறி ஆடினார். “ஆனா ஒருத்தர் கப்பலோட இருந்தாகணும். மாத்து ஆள் வர்ற வரைக்கும்” என்றார் அதிகாரி. கூச்சல் அடங்கியது.

கேப்டன் என்னைப் பார்த்தார். “ஜெனரேட்டர், லைட், லைன் எல்லாம் இவனுக்குத்தான் சார் அத்துப்படி.” பழி தீர்க்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா? உண்மைதானே, எப்படி மறுக்க? கையெழுத்துப் போட்டேன். மாற்று ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். அதிகாரி ஃபைலை மூடினார்.

மார்ச் 10

போய்விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டு ஏணியில் இறங்கினார்கள். மாஸ்டர் என்னைத் தாண்டி இறங்கினார். படகு கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறையில் கத்தியைத் தீட்டி, துடைத்து, துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

மார்ச் 11

நானே பேசுகிறேன், நானே பதில் சொல்கிறேன்.

மார்ச் 17

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். லைனில் அழுகையைக் கேட்டேன். யார் மாதிரி இருக்கு என்றேன். “உங்களை மாதிரி, கத்திக்கிட்டே இருக்கு” என்றாள்.

மார்ச் 21

காலையில் ஜெனரேட்டருக்கு எண்ணெய். புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன், அது பழக்கமாகிவிட்டது. நாலாவது வரி இருக்கிறது. மாற்று ஆள் பற்றிப் பேச்சே இல்லை.

மதியம் அழைப்பு மணி. அவள்தான் என்று நினைத்து, “பாப்பா தூங்கிட்டாளா?” என்றேன்.

“லைட்டு.”

மாஸ்டர் குரல். அவரே பேசினார். “போன வாரம் அம்மா போய்ட்டாங்க. நான் வந்து சேர்ந்தப்ப இருந்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.” பெரிய மூச்சு விட்டார். “அம்மா சேதியை ரெண்டு நாள் மறைச்சே பாரு, அதை மறக்க மாட்டேன்.”

“மறக்காதீங்க மாஸ்டர்.”

அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

“சாப்பிட்டியாடா?”

“இன்னும் இல்லை.”

“என்ன இருக்கு?”

“உருளைக்கிழங்கு.”

“நாளைக்கு?”

“ஒரு மாறுதலுக்கு உருளைக்கிழங்கு” என்றேன்.

“கத்தியைத் தீட்டி வெச்சிட்டுத்தானே வந்தேன். எடு. எப்படி வெட்டணும்னு சொல்றேன்” என்றார்.

எடுத்தேன்.