இருபக்கமும் பொருத்திப் பார்க்கப்பட்டது

ஜூன் 4

பாப்புவின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் விஷயமெல்லாம் பாப்பு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம், நீங்கள் மூன்றாவது மாடிக்கு வீடு மாற்றிக்கொண்டீர்களாம். சொல்பேச்சு கேட்கிற ஆளா நீங்கள்.

எதற்கு இப்போது கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரை படியுங்கள்.

பாப்பு கல்லூரி விடுமுறைக்கு இங்கே ஆய்வு நிலையத்துக்கு வந்திருக்கிறாள். நான்கு நாளாக விடாத மழை, படகை எடுக்க முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் பழைய அலமாரியைக் குடைந்தவள், நாம் சேர்ந்து செய்த கடைசிக் கணக்கெடுப்பின் டிரேசிங் தாள்களை வெளியே எடுத்துப் போட்டாள். ஒன்பது வருடத்துத் தூசு. படகின் இடது பக்கம் உட்கார்ந்து நான் எடுத்த படங்களிலிருந்து வரைந்தவை ஒரு கட்டு. வலது பக்கத்திலிருந்து நீங்கள் எடுத்தவை ஒரு கட்டு. தாளுக்கு ஒரு டால்பின், அதன் முதுகுத் துடுப்பு, துடுப்பின் ஓரத்து வெட்டும் கிழிசலும். அவள் விளையாட்டாக உங்கள் தாள் ஒன்றைப் புரட்டி, என் தாளின் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, உன்னோட மாமியாரும் அப்பாவோட டீச்சரும் ஒரே ஆளும்மா," என்றாள்.

சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். மூன்று வெட்டு, நடுவில் ஒரு பிறை. ஒரு கோடுகூட விலகவில்லை. படகைக் கண்டால் முதல் ஆளாக வந்து, ஒரு சுற்றுச் சுற்றிக் குறை கண்டுபிடித்துவிட்டுப் போகிறவள் என்று நான் மாமியார் என்று எழுதி வைத்திருந்தேன். வாலால் தண்ணீரை அறைந்து அதட்டுகிறாள் என்று நீங்கள் டீச்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பெயர், இரண்டு எண், டால்பின் ஒன்றுதான்.

சாயங்காலம் வரை மீதியையும் பார்த்தோம், அவள் பிடிக்க நான் குறிக்க. பதினைந்து டால்பின்களை நாம் இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம். ஐம்பத்து மூன்று என்று நாம் வெளியிட்ட எண்ணிக்கை உண்மையில் முப்பத்தெட்டு.

நாற்பதுக்குக் கீழே இருந்தால் நீரிணையில் வேகப் படகு ஓட்டக் கூடாது என்ற விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தினமும் பன்னிரண்டு தடவை விரைவுப் படகு போகப்போகிறது. அனுமதி கொடுத்தது ஆணையத்தில் உங்கள் பிரிவு, ஆதாரம் நம் கட்டுரை.

கணக்கெடுப்புப் படிவத்தில் ‘இருபக்கமும் பொருத்திப் பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் உங்கள் டிக்கும் இருக்கிறது, என் டிக்கும் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நான் போட்டேன். நான் பார்த்திருப்பேன் என்று நீங்கள் போட்டிருப்பீர்கள்.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்ப இருவர் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா

*

ஜூன் 13

பாப்புவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசி வரை படித்தேன். லிஃப்ட் இருக்கிறது என்பதையும் பாப்பு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நீ சொல்வது சரியாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு இது. அதற்குப் பிறகு எத்தனை பிறந்தன, எத்தனை வெளியிலிருந்து வந்து சேர்ந்தன, யாருக்குத் தெரியும். பழைய தாளைக் கிளறுவதை விட, அடுத்த ஆண்டு புதிதாக ஒரு கணக்கெடுப்பு செய்யலாம். நிதிக்கு நானே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆணையத்தின் தலைவர் பதவிக்கு ஜூலை இருபத்தைந்தாம் தேதி நேர்காணல். மூன்று பேரில் நானும் ஒருவன். இந்த நேரத்தில் நான் வெளியிட்ட எண்ணிக்கையும் தப்பு, நான் கொடுத்த அனுமதியும் தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையாகத்தான் முடியும். தலைவரானால் அந்த டால்பின்களுக்கு நிறையச் செய்ய முடியும். ஆற அமர யோசித்துப் பார்.

பாப்புவை இதில் இழுக்காமல் இருந்திருக்கலாம். விடுமுறையில் அவள் தூங்கட்டும்.

இப்படிக்கு,
பாப்புவின் அப்பா

*

ஜூன் 20

பாப்புவின் அப்பாவுக்கு,

பதினேழாம் தேதி விரைவுப் படகின் வெள்ளோட்டம் நடந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாமியாருக்கு இந்த வருடம் ஒரு குட்டி. பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அம்மாவின் விலாவோடு ஒட்டிக்கொண்டே திரியும். படகோட்டி அண்ணனும் நானும் மணல்திட்டுப் பக்கம் நின்று தண்ணீருக்குள் மைக் இறக்கியிருந்தோம். காலையிலிருந்து ஒரே கலகலப்பு. பத்தரை மணிக்கு அந்தப் படகு வந்தது. தண்ணீருக்குள் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, என்ஜின் மட்டும்தான். அது போன பிறகு பார்த்தால் மாமியார் தனியாக இருக்கிறாள்.

ஒவ்வொரு டால்பினுக்கும் சொந்தமாக ஒரு சீழ்க்கை உண்டு என்பதை நீங்கள்தான் எனக்கு முதன்முதலில் ஹெட்ஃபோன் மாட்டிக் காட்டினீர்கள். நான் இன்னார், இங்கே இருக்கிறேன் என்று சொல்கிற சீழ்க்கை. அதையே நாற்பது நிமிடம் திரும்பத் திரும்ப அடித்தாள். படகோட்டி அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "என்னால கேக்க முடியல மேடம்," என்றார். மறுநாள் மதியம்தான் குட்டி கிடைத்தது, திட்டுக்கு அந்தப் பக்கம், துவண்டுபோய். பிழைத்துக்கொண்டது. ஒரு தடவை படகு வந்ததற்கே இந்தப் பாடு. தினமும் பன்னிரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

படகை விட்டுவிட்டு அடுத்த வருடம் எண்ணலாம் என்கிறீர்கள். இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. தலைவரான பிறகு செய்வீர்கள் என்றால், எதற்குச் செய்வீர்கள்? சுவர் இருந்தால்தானே சித்திரம்.

நான் உங்கள் மேல் மட்டும் பழி போடவில்லை. என் டிக்கும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்புப் பருவத்தில் நாம் ஏன் பேசாமல் இருந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தலைநகர் வேலைக்கு விண்ணப்பித்ததை என்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்ததையும் சொல்லவில்லை. தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், "சாருக்கு வாழ்த்துச் சொல்லுங்க மேடம்," என்று. இத்தனை வருடம் ஆகியும் இதை எழுதும்போது கை சுடுகிறது.

கையெழுத்துப் போடுங்கள்.

பாப்புவின் அம்மா

*

ஜூன் 29

பாப்புவின் அம்மாவுக்கு,

குட்டி பிழைத்தது நல்லது. உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படிக்க முடியவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஒரு வழி இருக்கிறது. படிவத்தில் ‘பிழைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது பார், நீ அதை வெறுமையாக விட்டிருக்கிறாய். ‘தட்டச்சுப் பதிவில் நேர்ந்த கவனக்குறைவு’ என்று எழுதினால் நாளைக்கே போடுகிறேன். தாள்களைப் பட்டியலாக அடித்தது டைப்பிஸ்ட் அம்மாதானே. அவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிறது. அவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் வராது, யாரும் கேட்கப்போவதும் இல்லை. படகும் நிற்கும், என் நேர்காணலும் கெடாது.

பா. அப்பா

*

ஜூலை 5

உங்களுக்கு,

அந்த டைப்பிஸ்ட் அம்மா இல்லாவிட்டால் அந்த மூன்று மாதம் நிலையமே நடந்திருக்காது. நீங்கள் ஒரு அறை, நான் ஒரு அறை, நடுவில் அவர் மேஜை. "சார் பென்சில் கேக்கறாரு மேடம்." "இல்லைன்னு சொல்லுங்க." "சார், மேடம் இல்லைங்கறாங்க." உள்ளே ஒரு பெட்டிப் பென்சில் இருப்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து உங்களுக்குக் கொடுப்பார். நாம் கொடுத்த இரண்டு பட்டியலையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அந்த மனுஷியின் தலையா கிடைத்தது உங்களுக்கு?

அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம். என் ஒற்றைக் கையெழுத்தோடு அனுப்பிப் பார்க்கிறேன். திருப்பி அனுப்புவார்கள், மறுபடி அனுப்புவேன்.

பாப்பு பத்தாம் தேதி அங்கே வருகிறாள். டிரேசிங் தாள்களை எடுத்துக்கொண்டுதான் போவேன் என்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, நம்பினால் நம்புங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

*

ஜூலை 24

பாப்புவின் அம்மாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். சொல்பேச்சு கேட்கிற ஆள் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பாப்பு வந்த அன்றே தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டாள். பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல், சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் பக்கம் நின்று, "அப்பா, ஒரு கை பிடிங்க, ரெண்டு தாளும் நழுவுது," என்றாள். பிடித்தேன். டீச்சர். வெளிச்சம் பின்னால் இருந்து வரும்போது இரண்டு கோடும் ஒரே கோடாகிவிட்டன. ஒன்றைப் பிடித்த பிறகு கையை எடுக்க முடியவில்லை. பதினைந்தையும் பார்த்தோம்.

ராத்திரி அவள் தன் பையை அடுக்கும்போது பல்துலக்கியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள், அங்கே ஒன்று இருக்கிறதாம். யாராவது பல்துலக்கியை எண்ணினால் நமக்கு இரண்டு பெண்கள் என்று கணக்கு எழுதுவார்கள்.

நீ ஒன்று எழுதியிருந்தாய், நீ பார்த்திருப்பாய் என்று நினைத்து நான் டிக் போட்டிருப்பேன் என்று. அது உண்மை இல்லை. நீ பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பொருத்திப் பார்க்க இரண்டு பேர் வேண்டும், உன் அறைக் கதவைத் தட்டி "கொஞ்சம் பிடி" என்று கேட்க வேண்டும். வேலை உத்தரவு சட்டைப் பையில் இருந்தது. கேட்பதை விட டிக் போடுவது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. உன்னிடம் சொல்லாமல் விண்ணப்பித்தது தப்பு. அதையும் ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் சொல்ல வருகிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்று காலை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன், பிரதி இத்துடன். அனுமதியை நிறுத்தி வைக்கும் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. நாளைய நேர்காணலுக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி காரணக் கட்டத்தைப் படித்துவிட்டு, "இதையா எழுதறீங்க? கொஞ்சம் மாத்தி எழுதலாமே," என்றார். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றேன். நான் எழுதியது இதுதான்:

‘அந்தப் பருவத்தில் கணக்கெடுத்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. துடுப்புகளைப் பொருத்திப் பார்க்க இருவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. தட்டச்சு செய்தவருக்கு இந்தப் பிழையில் பங்கில்லை.’

இப்படிக்கு,
வலது பக்கம்

*

ஆகஸ்ட் 1

உங்களுக்கு,

இன்று விரைவுப் படகு வரவில்லை. பத்தரை மணிக்கு மைக்கை இறக்கிவிட்டு நானும் படகோட்டி அண்ணனும் காத்திருந்தோம். கலகலப்பு நிற்கவே இல்லை. அவர் ஹெட்ஃபோனைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பிரதி ஒன்று அனுப்பினேன். "ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறீங்களா?" என்று மட்டும் போனில் கேட்டார். எழுதிக்கொள்கிறோம் என்றேன்.

நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருக்கக் கூடாது. நீங்கள் பார்க்கவில்லை என்று எனக்கும் தெரியும். நீங்கள் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். கடைசி நாள் வரை அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல்தான் வைத்திருந்தேன்.

புதுக் கணக்கெடுப்பை இன்று தொடங்கிவிட்டேன். இடது, வலது இரண்டு பக்கமும் நானே மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்தேன், படகு ஆடுகிற ஆட்டத்தில் இடுப்பு போய்விட்டது. முதலில் வந்தது அவள்தான், குட்டியோடு. முதல் தாளில் பெயர் என்ற இடத்தில் டீச்சர் என்று எழுதியிருக்கிறேன். பழைய பட்டியலில் மாமியாரை அடித்துவிட்டேன்.

மற்ற கட்டங்களை எல்லாம் நிரப்பியாயிற்று. ‘இருபக்கமும் பொருத்திப் பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் மட்டும் இன்னும் டிக் போடவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
இடது பக்கம்