ஜெரால்டு தோற்றதாக எழுதிய சண்டை

இயேசு மரி சூசை துணை

செக்காலை, காரைக்குடி
9-11-97

அன்பு மகன் மரிய ஜெரால்டுக்கு அப்பா வியாகுலம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முக்கால் சுகம், மீதிக் கால் சுகம் ஜப்பானில், நகோயாவில் உன்னிடம் இருக்கிறது, அதை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகக் கேள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் முடிந்துவிட்டது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதிலிருந்து என் சட்டைக் காலர் அழுக்கு, நான் மூக்குப்பொடி ஒளித்து வைக்கிற இடம் எல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது, ஒரு மனிதன் நிம்மதியாகத் தப்புச் செய்ய முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் புதுவயல் மில்லில் நெல் காயவில்லை, எடைமேடையில் நானும் லாரி டிரைவர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், லாரி இல்லாத நேரத்தில் முதலாளி மெய்யநாதன் செட்டியார் என்னையே எடை போட்டுப் பார்த்து, வியாகுலம் நீரு மூட்டையா ஆளா என்று கேட்கிறார்.

போன மாதம் உன் பார்சல் வந்தது. உள்ளே ஒரு வீடியோ கேசட், கூடவே நாலு வரிக் கடிதம். இந்தச் சண்டையில் தோற்றுவிட்டேன், அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேபிள் டிவி செம்மலை கடைக்குப் போய் டெக்கில் போட்டுப் பார்த்தால், நீ ஜெயித்திருக்கிறாய். அந்த மொட்டைத்தலையனின் கையை மடக்கிப் பிடித்ததில் அவன் விட்டுவிடு என்று தோல்வியை ஒத்துக்கொண்டு தரையைத் தட்டுகிறான், நடுவர் உன் கையைத் தூக்குகிறார். செம்மலை ஸ்டூலிலிருந்து குதித்து, அண்ணே நம்ம புள்ள என்னமா மடக்கிப்புட்டான் பாருங்கண்ணே, இதப் போயி தோத்துட்டேன்னு எழுதியிருக்கானே, அப்பனுக்குத் தப்பாத லொள்ளுண்ணே என்றான். வீட்டில் சொன்னேன், அம்மாவும், உங்க மகன்தானே, கேலி இல்லாம நாலு வரி எழுத வருமா அவனுக்கு என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் ஜெரால்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்த நேரமாகப் பார்த்துச் செம்மலை அதைக் கேபிளில் ஓட்டிவிட்டான். கார் சாமான் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனவன் வேலையை விட்டுவிட்டு, குத்து உதை மல்லு மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடிக்கிற சண்டையைத் தொழிலாக எடுத்துக்கொண்டதை ஊரில் சொல்லக் கூசி, இரண்டு வருஷமாக நீ ஜூடோ வாத்தியார் என்று புளுகி வைத்திருந்தேன். ஒரே மத்தியானத்தில் என் புளுகு நாறி, கூடவே நானும் பெரிய மனிதனாகிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா, ஏன் வியாகுலம், புள்ள அடி வாங்கையில பல்லக் காட்டிச் சிரிக்கிறானே, வலிக்காதாக்கும் என்று கேட்டதற்கு, அது எங்க வம்சத்துப் பல்லு அக்கா, உள்ளே நிக்காது என்றேன். ஜெயித்த பிறகு நீ எதிராளியின் மூலைக்குப் போய் அவன் ஆட்களிடம் கையுறையை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினாய் அல்லவா, அதைப் பார்த்து எல்லாரும் முழித்தபோது, ஜப்பான் மரியாதை அப்படித்தான், தோத்தவனுக்கு முதல் வணக்கம் என்று அளந்துவிட்டேன். எனக்கு ஜப்பான் மரியாதை என்ன தெரியும். எல்லாரும் நம்பிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன்.

நம்பாதவள் உன் அம்மா. மறுநாள் கடைக்கே போய், அந்தக் கடைசித் துண்டைத் திரும்பப் போடு என்று செம்மலையை ஏழெட்டுத் தடவை ஓட்டச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அவன் மரியாதைக்குப் போகலைங்க, தன் ஆளுக எங்குட்டு நிக்கிறாகன்னு தெரியாம போறான் என்றாள். பிறகு பெட்டியிலிருந்து உன் கடிதங்களை எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். ஜூலையில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் எழுதியதற்கு, கவலையாக இருக்கிறது என்று பதில் போட்டாய். ஆகஸ்டில் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினதாக எழுதினாய். செப்டம்பரில், அம்மாவுக்குக் கண் மங்குகிறதா, ஒரு டாக்டரைப் பார்க்கக் கூடாதா என்று புதிதாகக் கேட்டிருக்கிறாய். அதையும் கேலி என்று நினைத்து, அவள் இரண்டு கண்ணும் என் மேல்தான் இருக்கிறது என்று பதில் எழுதின மடையன் நான்தான். வேறு வீட்டில் ஒரு தகப்பனுக்கு இப்படிக் கடிதம் வந்திருந்தால் அன்றைக்கே பதறியிருப்பான்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை விழுந்தால் யாரும் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது, சுற்றி நின்று சிரிக்க வேண்டும், பிள்ளையும் சிரித்தபடி எழுந்து வரும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். சிராவயல் மஞ்சுவிரட்டில் என்னைக் காளை தூக்கிப் போட்டபோது சிரித்துக்கொண்டே எழுந்தேன், பொட்டல் முழுக்கக் கைதட்டியது, ஆறு மாதம் கழித்துத்தான் இடுப்பெலும்பு விரிசல் விட்டிருப்பது தெரிந்தது, இன்றைக்கும் மழைக்காலத்தில் ஒரு பக்கமாகத்தான் நடக்கிறேன். அந்தக் கைதட்டலில் மயங்கித்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். இடுப்பு ஒடிந்தால் நொண்டுவது வெளியே தெரியும். மண்டைக்குள் ஒடிவதை உன் சிரிப்பு மூடிவிடுகிறது. சண்டை முடிந்து அங்கே டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கும்போதும் நீ சிரிக்கிறாய், அவர் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார், கேசட்டில் அதுவும் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூத்திலிருந்து போன் பண்ணினேனே, நினைவிருக்கிறதா தெரியவில்லை. டிசம்பர் பதினான்காம் தேதி பெரிய சண்டை, அங்கே டிவியில் காட்டுவார்கள், ஜெயித்தால் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் என்று நன்றாகத்தான் பேசினாய். கடைசிச் சண்டையில் யார் ஜெயிச்சது தம்பி என்று கேட்டேன். நீ சிரித்தாய். மறுபடியும் கேட்டேன். நீ திரும்பவும் சிரித்தாய். பதில் தெரியாத கேள்விக்கு நான் மில்லில் சிரிக்கிற சிரிப்பு அது, எனக்கா அடையாளம் தெரியாது.

உடனே முதலாளியிடம் நம்பர் வாங்கி, நகோயாவிலேயே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற அவர் மகன் நாராயணைப் போனில் பிடித்தேன். அந்தத் தம்பி முதலில் இழுத்தார். பிறகு, தினம் பயிற்சியிலேயே தலையில் அடி வாங்குறான் ஐயா, ஒரே நாளில ரெண்டு தடவ வந்து அதே குடையக் கேட்டான், காப்பிக் கோப்பை கையில நிக்க மாட்டேங்குது, கேட்டா சிரிக்கிறான், நான் மேற்கொண்டு என்னத்தக் கேக்க என்றார்.

பதினோரு சண்டையில் எட்டு ஜெயம், அது உன்னுடையது, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் பதினான்காம் தேதி நீ அந்தக் கயிறு கட்டின சண்டை மேடையில் ஏறக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே, போட்டிருந்தால் நாராயணிடம் சொல், அவர் போய்ப் பேசுவார். கடிதம் கிடைத்த அன்றைக்கே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஸ்கேன் எடுக்கட்டும், அங்கே டாக்டர் கேட்கிறபோது தயவுசெய்து சிரிக்காதே, வலித்தால் வலிக்கிறது என்று சொல், அழுகை வந்தால் அழு, இந்த வீட்டுச் சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். அப்பா என் தொழிலில் மண்ணைப் போட்டான் என்று காலம் பூராவும் என்னைத் திட்டு. திட்டுவதற்கு ஞாபகம் இருந்தால் எனக்கு அது போதும். இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு அனுப்பாமல் நாராயணுக்கு அனுப்புகிறேன், அவர் வேலைக்குப் போகிற வழியில் தினமும் காலையில் உன் அறைக்கு வந்து இதை வாசித்துக் காட்டுவார், டிசம்பர் பதினான்கு தாண்டும் வரைக்கும். வெட்கப்படாதே, எத்தனை தடவையானாலும் அப்பாவுக்கு எழுதின கை வலிக்காது.

அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள், போட்டுவிட்டாள், காகிதத்தில் அவள் விரல் பட்ட இடம் இந்த வரிக்குக் கீழேதான். ஆண்டவரும் சகாயமாதாவும் உன் தலையைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு, தனியாக எங்கும் போகாதே.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
அ. வியாகுலம்

நாராயண் தம்பிக்கு: வாசிக்கும்போது அவன் சிரித்தால் நிறுத்தாதீர்கள். என்றைக்காவது ஒருநாள், இதைத்தான் நேற்றும் வாசித்தாயே என்று அவன் சலித்துக்கொண்டால், மீதியை வாசிக்க வேண்டாம், அங்கேயிருந்தே மில்லுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நான் எடைமேடையில்தான் இருப்பேன்.