மீனாட்சி நம்பரில் ஓடும் மோட்டார்

பங்குனி 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். கத்தரிக்கு இரண்டாவது களை. புதிதாக வாங்கிய சக்கரக் களைக்கருவியைத் தள்ளிப் பார்த்தேன். வீடியோவில் ஒருவன் சைக்கிள் உருட்டுகிறவன்போல ஒய்யாரமாக உருட்டிக்கொண்டு போனான். நம் செம்மண் காய்ந்துவிட்டால் அது தரையைச் சொறிந்துவிட்டு நின்றுகொள்கிறது. நான்தான் முன்னால் போய் விழுகிறேன்.

இந்த இரண்டு ஏக்கருக்கு வந்த சாமான்களில் உருப்படியாக உழைப்பவை:

மண்வெட்டி. அரிமளம் பட்டறையில் அடித்தது.
களைக்கொத்து.
தேங்காய் உரிக்கும் கம்பி.
மோட்டாருக்கு வைத்த மொபைல் ஸ்டார்ட்டர்.

உழைக்காதவை: மற்றதெல்லாம். என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட்டர் நல்ல ஏற்பாடு. பெட்டிக்குள் ஒரு சிம். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் இரண்டு தடவை மணி அடித்துக் கட் ஆகும், கிணற்றில் மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். மூணு பேஸ் கரண்டு வந்ததும் அதுவே எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் காதர் ஒரு சிம் கேட்டபோது மீனாட்சியின் சிம்மை எடுத்துக் கொடுத்தேன். அவள் போய் ஒன்றரை வருடம். சும்மா கிடந்தால் கம்பெனிக்காரன் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதனால் கரண்டு வரும்போதெல்லாம் என் போனில் 'மீனாட்சி' என்று வருகிறது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். யார் பார்க்கப்போகிறார்கள்?

மாப்பிள்ளை போன், கோயம்புத்தூரிலிருந்து. ஞாயிறு தவறாது. சாப்பிட்டீர்களா, வெயில் எப்படி, உடம்பு எப்படி. வள்ளி குளித்துக்கொண்டிருக்கிறாளாம். ஒவ்வொரு ஞாயிறும் என் மகள் சரியாக இந்த நேரத்துக்குத்தான் குளிக்கப் போகிறாள். போன புரட்டாசியில் அவள் ஆத்தாவின் தலைத்திவசம் முடிந்த கையோடு, இதை விற்றுவிட்டு எங்களோடு வாருங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். தனியாகக் கிடந்து சாகப் போகிறீர்களா என்றாள். செத்தால் சொல்லி அனுப்புகிறேன், அப்போது வந்தால் போதும் என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. மீனாட்சி இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பாள்.

இரவு: கஞ்சி, அப்பளம்.

பங்குனி 10, செவ்வாய்

மோட்டார் மறுபடியும் தானாக ஓடியிருக்கிறது. மத்தியானம் படுத்து எழுந்து வந்தால் கத்தரிப் பாத்தி முழுக்கத் தண்ணீர். வரப்பு உடைந்து பக்கத்துக் கொல்லைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கிணற்றில் தரை தெரிகிறது. மோட்டார் காற்றை இழுத்து உறுமுகிறது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

மாசியிலிருந்தே இப்படித்தான். முதலில் நான்தான் நிறுத்த மறந்தேன் என்று நினைத்தேன். வயசாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்று மறக்கவில்லை, நிச்சயம். நான் போடவே இல்லை.

காதருக்குப் போன் செய்தேன். எந்த போனிலிருந்து கூப்பிட்டாலும் ஓடத்தான் செய்யும், அன்றைக்கே பூட்டு வைக்கிறேன் என்றேனே என்கிறார். சொன்னார், உண்மை. நான்தான் வேண்டாம் என்றேன். நான் புதுக்கோட்டை போயிருக்கும் நாளில் பக்கத்துக் கொல்லை அடைக்கலம் போட்டுவிடட்டும் என்று.

அப்படியானால் நம்பர் தெரிந்தவர் அடைக்கலம் ஒருவர்தான். தண்ணீர் போவதும் அவர் கடலைக்குத்தான்.

சாயங்காலம் வழக்கம்போல் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தார். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கத்தரிமேல் பந்தல் போட்டிருக்கிறீர்களே, செடிக்குக் கல்யாணமா என்று கேலி பண்ணினார். நான் சரியாகப் பேசவில்லை. ஒரு நாளில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே மனிதர். 

பங்குனி 11, புதன்

மோட்டார் போச்சு.

வாழைக்கன்று பார்க்க விராலிமலைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் கருகிய வாடை. தண்ணீர் இல்லாமல் வெறுங்கிணற்றில் ஓடி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கம்பி எரிந்திருக்கிறது. நேராக அடைக்கலத்திடம் போனேன். யோசித்துப் போயிருக்க வேண்டும். நாக்கில் சனி.

வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே, திருட்டுத்தனமாகவா போடுவது என்று கேட்டுவிட்டேன். திருட்டு என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே வைத்தார். "தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேப்பேன் செட்டியாரே. இந்தா, ஒங்க மோட்டாரு நம்பரு. ஒங்க கண்ணு முன்னாடியே அழிச்சுட்டேன், பாத்துக்கங்க" என்றார். போனை என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு தழைக்கட்டை எடுத்துக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

சாயங்காலம் யாரும் வரவில்லை. படி காலி. காக்கா ஒன்று வந்து உட்கார்ந்தது, அதுவும் போய்விட்டது.

பங்குனி 13, வெள்ளி

வெயில் நேற்றைவிட மோசம். காதரும் இன்னொருவரும் கயிறு கட்டி மோட்டாரை மேலே எடுத்தார்கள். புதுக்கோட்டையில் காயில் கட்டி வர நாலு நாள் ஆகும். ஸ்டார்ட்டர் பெட்டியையும் சோதிக்க எடுத்துப் போகிறார்கள். காதர் உள்ளிருந்த சிம்மைப் பிடுங்கி, பத்திரம் ஐயா, கீழே விழுந்தால் கோழி தின்றுவிடும் என்று கையில் கொடுத்தார். விரல் நகம் அளவு. எங்கே வைப்பது? பழைய பட்டன் போனுக்குள் போட்டு, சார்ஜ் ஏற்றி, சமையல்கட்டுப் பலகையில் வைத்தேன்.

கத்தரிக்கு வாளியால் தண்ணீர். தொட்டிக்கும் பாத்திக்கும் நடந்து முழங்கால் கழன்றுவிட்டது.

இன்று பேசியவை:
காதரிடம் - மோட்டார், கூலி, காப்பி.
கோழியிடம் - ஏய், ச்சூ.
மீனாட்சி படத்திடம் - ஒன்றும் இல்லை. அடைக்கலம் விஷயத்தில் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கரண்டு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. போனில் அந்தப் பெயர் வராமல் நாள் நீண்டுகொண்டே போகிறது. இப்படித் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம்.

பங்குனி 14, சனி

மத்தியானம் கண் அசந்த நேரம். போன் அடித்தது. என் போன் இல்லை. சமையல்கட்டில் பட்டன் போன்.

திரையில் 'பாப்பா' என்று ஓடியது. மீனாட்சி அந்த சிம்மில் வள்ளியை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். செத்துப்போனவள் நம்பருக்கு மகள் கூப்பிடுகிறாள் என்றால் என்னவோ நடந்துவிட்டது என்றுதான் தோன்றியது. எடுத்தேன். அந்தப் பக்கம் பின்னால் ஏதோ பஸ் ஹாரன். நான் அலோ என்றதும் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"அப்பச்சியா?"

ஆமாம் என்றேன்.

"எப்பவும் ரெண்டு ரிங்குல கட் பண்ணிருவீங்க. இன்னைக்கி மட்டும் ஏன் எடுத்தீங்க?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆத்தா போனை நான் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அவள் பெயரைப் பார்த்ததும் கட் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள், மாசியிலிருந்து. அப்படி நினைத்துக்கொண்டும் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து கூப்பிட்டிருக்கிறாள். கட் செய்கிறவனுக்கு எதற்கு அடித்தாய் என்று கேட்டேன். உங்களுக்கு அடிக்கவில்லை, ஆத்தா நம்பர் இன்னும் அடிக்கிறதே என்றுதான் அடித்தேன் என்றாள். 

சிம் எங்கே இருந்தது என்று சொன்னேன். ஸ்டார்ட்டர், கிணறு, மோட்டார் எல்லாம்.  

"அப்ப நான் கூப்புட்டப்பல்லாம் தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

காயில் எரிந்ததைச் சொல்லவில்லை. அவள் அழுதாள். நானும்தான். வெட்கம் என்ன இதில். கோழி உள்ளே வந்து சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. விரட்டவில்லை.

பங்குனி 15, ஞாயிறு

விடிந்ததும் அடைக்கலம் வீட்டுக்கு. வழியெல்லாம் வசனம் பழகிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவர் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. வள்ளி கூப்பிட்டதைச் சொன்னேன். அப்போதுதான் குடத்தைக் கீழே வைத்தார்.

"பொண்ணு கோயம்புத்தூருல இருந்துக்கிட்டு எங்கொல்லைக்குத் தண்ணி பாச்சிருக்கு. அப்பன் எங்கிட்ட வந்து சண்ட போட்டுருக்காரு" என்று உள்ளே பார்த்து அவர் சம்சாரத்திடம் சொன்னார். அந்த அம்மாள் மோர் கொடுத்தார்கள். அடைக்கலம் சிரிக்கவில்லை. ஆனால் வரப்புவரை கூடவே வந்தார். காயம் ஆற நாளாகும். ஆகட்டும், நான் பேசிய பேச்சு அப்படி.

ஞாயிறு போன். மாப்பிள்ளை இல்லை, வள்ளியே. இன்று குளிக்கவில்லையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கும் எனக்கும் பேச விஷயம் தீர்ந்துபோய், கத்தரி எத்தனை கிலோ என்று கேட்டாள். இன்னும் பூவே வைக்கவில்லை என்றேன். விற்றுவிட்டு வரச் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்குனி 17, செவ்வாய்

மோட்டார் இறக்கியாயிற்று. சிம் பழையபடி பெட்டிக்குள். தண்ணீர் வற்றினால் தானே நிற்க ஒரு கருவியும் வைக்கச் சொன்னேன். இந்த முறை பூட்டும் உண்டு: சொல்கிற நம்பரிலிருந்து வந்தால் மட்டும் ஓடும். யார் யார் ஐயா என்றார் காதர். என்னுடையது. அடைக்கலம். மூன்றாவது வள்ளி.

அவளே கேட்டது. நானும் போடுகிறேன் அப்பச்சி என்றாள். ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறேன்: முதலில் என் போனுக்குக் கூப்பிட்டு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். விவசாயம் விளையாட்டு இல்லை என்றேன். விளையாட்டுதானே செய்கிறீர்கள் என்றாள். அவள் ஆத்தா வாய்.

பங்குனி 20, வெள்ளி

புதன் கூப்பிடவில்லை. வியாழன் கூப்பிடவில்லை. ஆபீஸில் வேலையாக இருக்கும். நானும் கூப்பிடலாம்தான், விரல் போய்ப் போய்த் திரும்புகிறது. இன்னும் வீம்பு போகவில்லை பார்.

இரண்டு நாளாகக் கத்தரிக்குத் தண்ணீர் இல்லை. நான் போட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. போடவில்லை. அடைக்கலம் வரப்பில் நின்று பார்த்தார். "செடி வாடுது, நீங்க போனையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். அடுத்த வாரம் பாய்ச்சுவீர்களாக்கும் என்று ஒரு குத்தல் வேறு. ஆனால் போகவில்லை. படியில் உட்கார்ந்தார், அன்றைக்குப் பிறகு முதல் தடவை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. இதற்குமேல் தாங்காது, நானே போட்டுவிடுகிறேன் என்று மடை திறக்க மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கினேன். இரண்டு கொத்து கொத்தியிருப்பேன். குழாய் கடகடவென்றது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தொடவில்லை. படியில் அடைக்கலம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், நான் இல்லை என்று.

கேட்காமல் போட்டுவிட்டாள், கழுதை. அவ்வளவு சொல்லியும்.

மிச்ச மடையையும் திறக்கக் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையும் சேறு. வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன், வள்ளிதான்.