ஐம்பத்தொரு வயதில் முதல் ஓட்டு

18 பிப்ரவரி 2025, செவ்வாய்

பெயர் வந்துவிட்டது! வாக்காளர் பட்டியலில் என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சிங்கப்பூரில் ஓட்டுப் போடுவது கட்டாயம். போடாதவர் பெயரை எடுத்துவிடுவார்கள். துபாய்க்கு வந்த பதினான்கு வருடத்தில் ஒரு தடவையும் போடாத எனக்கு அந்தத் தண்டனை நியாயம்தான். இப்போது வெளிநாட்டு வாக்காளராகவும் பதிந்தாகிவிட்டது. தபாலில் அனுப்பலாமாம். அதெல்லாம் வேண்டாம். தேர்தல் வந்தால் இங்கே துபாயிலேயே வாக்குச்சாவடி உண்டு. நேரில் போய், சீட்டை மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

நான் நச்சரித்ததில் மகள் ஷாஜினியும் பதிந்துகொண்டாள். இருபத்து மூன்று வயது, அவளுக்கும் முதல் ஓட்டு. ஆனால் முகவரி? சிங்கப்பூரில் எந்த முகவரியைக் கொடுக்கிறோமோ அந்தத் தொகுதியில்தான் ஓட்டு. நான் என் தம்பி கௌரிசங்கர் வீட்டைக் கொடுத்தேன். மகாராணியோ அவள் அத்தை வீட்டைக் கொடுத்திருக்கிறாள். "லாஸ்ட் லீவ்ல அங்கதானேம்மா தங்குனேன்?" அத்தை என்றால் சரசு, என் கணவரின் தங்கை. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்தில் வெடித்த சண்டை. எட்டு வருடமாக நானும் சரசுவும் பேசுவதில்லை.

20 பிப்ரவரி

எங்கள் கம்பெனிப் பட்டறை ஃபோர்மேன் ஜெபகனியிடம் வாயைக் கொடுத்தேன். தூத்துக்குடிக்காரர், சும்மா விடுவாரா?

"அம்பத்தோரு வயசாச்சு, இன்னும் ஒரு ஓட்டுகூட போடலயாக்கா? உங்க ஊர்ல எலெக்‌ஷனே கிடையாதா?"

உண்டு. தவறாமல் உண்டு. உட்கார வைத்துக் கதை சொன்னேன். மக்கள் செயல் கட்சி பிறந்தது 1954இல். ஆட்சிக்கு வந்தது 1959இல். வந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. 1968 முதல் 1981 வரை நாடாளுமன்றத்தில் வேறு கட்சிக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. பிறகு ஒன்றிரண்டு பேர், இப்போது ஒரு கை விரலுக்கு மேல்.

நான் இருந்தது தஞ்சோங் பகாரில். 1997, 2001, 2006, மூன்று தடவையும் எதிர்த்து நிற்க ஆளில்லை. போட்டியின்றி வெற்றி, ஓட்டும் இல்லை. 2011இல் ஒரு குழு வந்தது. வந்ததே, மனுவைக் கொடுக்க அரை நிமிடம் பிந்திவிட்டது! அந்த அரை நிமிடத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்த மாதமே துபாய்க்கு விமானம் ஏறினேன். ஆகஸ்டில் அதிபர் தேர்தலில் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள், என்னைத் தவிர.

"எங்கப்பா பொறந்த வருசம்லா 1959! அன்னைலேந்து ஒரே கட்சியா?" என்று வாயைப் பிளந்தார் ஜெபகனி. "எங்கூர்ல அஞ்சு வருசத்துக்கு ஒருக்க தூக்கி அடிச்சாத்தான் தூக்கமே வரும். சரி, நீங்க யாருக்குப் போடுவிய?"

அதைச் சொல்வேனா? என் அப்பா 1959இல் ஓட்டுப் போட்டவர். யாருக்கு என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஆபீஸ்ல பாலிடிக்ஸ் மாஃபி" என்றார், கூடாது என்பதை அரபியில். கலைந்தோம்.

12 மார்ச்

தொகுதி எல்லைகள் வெளிவந்துவிட்டன. தம்பி வீடு இப்போது மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி, ஒரே ஓட்டில் ஒரு குழுவையே தேர்ந்தெடுக்கும் தொகுதி. சரசு வீடு பொங்கோல். கௌரிசங்கர் போனில், "நம்ம ஏரியால செம போட்டிக்கா, போன தடவையே ஆளுங்கட்சி தட்டுத் தடுமாறித்தான் ஜெயிச்சுது" என்றான். எனக்குக் கால் தரையில் இல்லை.

15 ஏப்ரல்

நாடாளுமன்றத்தைக் கலைத்தாயிற்று! தேர்தல் மே 3, சனிக்கிழமை. லீவ்கூட வேண்டாம். மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை. பழைய டெலிவரி நோட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு X போட்டுப் பழகினேன். கோடு கட்டத்துக்கு வெளியே போனால் செல்லாதோ? ஷாஜினி பார்த்துவிட்டு, "அம்மா, யூ ஆர் சோ க்யூட்" என்றாள். வரட்டும், வரட்டும்.

22 ஏப்ரல்

பச்சைப் பட்டுப்புடவை, சத்வா கடைத்தெரு டெய்லரிடமிருந்து புது ரவிக்கை. எல்லாம் தயார்.

23 ஏப்ரல், புதன்

வேட்புமனு நாள். இங்கே காலை ஏழிலிருந்து எட்டு வரை. காரில் உட்கார்ந்தே போனில் பார்த்தேன்.

எட்டு மணி. என் தொகுதிக்கு எதிர்க்கட்சி வரவில்லை.

பிந்தவில்லை. வரவே இல்லை. நாடு முழுக்க போட்டி. ஒரே ஒரு தொகுதியில் மட்டும் போட்டியின்றி வெற்றி. அது என் தொகுதி. என்ன ஜாதகம்டா சாமி இது? தஞ்சோங் பகாரில் இருந்தால் தஞ்சோங் பகார், தம்பி வீட்டுக்கு மாறினால் தம்பி வீடு. நான் எங்கே போனாலும் கூடவே வருமா?

கௌரிசங்கர் மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். ஓட்டுக்காக அழுகிறாயா மீனா? ஆமாம். ஓட்டுக்காகத்தான்.

24 ஏப்ரல்

ஜெபகனி டீ வாங்கி வைத்துவிட்டுப் போனார். பொங்கோலில் போட்டி உண்டாம். ஷாஜினிக்கு ஓட்டு உண்டு.

3 மே, சனி

"எனக்கு மூட் இல்லம்மா, தூங்கணும்" என்றாள். போர்வையை உருவினேன். "நீ தூங்கறதுக்கா நான் அம்பத்தோரு வருஷம் காத்திருந்தேன்? எழுந்திரிடி!"

பச்சைப் பட்டை நான் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டக்கூடாது? ஓட்டுத்தான் இல்லை, புடவை இருக்கிறதே. தூதரக வாசலில் அவளை இறக்கிவிட்டு வெளியே நின்றேன். வரிசையில் நின்றவர்கள் புடவையைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னையறியாமல் ஒரே சந்தோஷம். உள்ளே போனவள் என் பெண்.

பத்து நிமிடத்தில் வந்தாள். முகம் மாறியிருந்தது.

"அம்மா, நீ X போட்டுப் பழகினியே, அது போட வேண்டாம்மா. பேனாலயே ஸ்டாம்ப் இருக்கு. ஒரே குத்து. அவ்ளோதான்."

"யாருக்குக் குத்தின?"

"சீக்ரெட் பேலட்மா."

எங்கே போவாள்? தாத்தாவின் பேத்தி.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் முடிவுகள் வந்தன. அதே கட்சி, தொண்ணூற்றேழில் எண்பத்தேழு. பொங்கோலுக்காகத் தட்டை ஆறவிட்டுக் காத்திருந்தாள் என் சோம்பேறிப் பெண். பொங்கோலும் அதே கட்சிக்குத்தான், ஆனால் இழுபறி. முடிவு வந்ததும் அவள் முகத்தையே பார்த்தேன். சந்தோஷமா, வருத்தமா? பிடி கொடுக்கவில்லை, கழுதை. "நெக்ஸ்ட் எப்போம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

10 மே, சனி

ஒரு வாரம் யோசித்தேன். காலையில் சரசுவுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டதும் தாள் எதற்கும் உதவவில்லை.

"உன் வீட்டு அட்ரஸை என் பேருக்கும் போட்டுக்கலாமா?"

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்.

"எதுக்கு அண்ணி?"

அண்ணி என்றாள்.

"ஓட்டுப் போட."

சிரித்தாள். என் கணவரின் சிரிப்பு அப்படியே. "தாராளமா போட்டுக்குங்க. ஆனா துபாய்ல நின்னு போட வேணாம். இங்க வந்து போடுங்க. ரூம் சும்மாதான் கிடக்கு."

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே, சரசு."

"ஆமா, இருக்கு."

டிசம்பரில் எனக்கு லீவ் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.