மேட்டில் படர்ந்த வெர்பினா

எமரால்டு,
19.11.2000

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கோகிலவாணி எழுதுவது. உங்களுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். திருப்பூர்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். ஹாஸ்டலில் நம் பையன் தீபக்குக்குப் பரீட்சை நடக்கிறது. அவனுக்கு இங்கே நடந்தது எதையும் சொல்லவில்லை.

போன் பூத்திலிருந்து பேசியபோது, மண் சரிந்து கீழ்வீட்டு முத்துவேல் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். மீதியைச் சொல்ல முடியவில்லை. அந்த மீதியை அவர் மனைவி கருப்பம்மாளிடம் சொல்வதா வேண்டாமா என்று ஐந்து நாளாகத் தவிக்கிறேன்.

பச்சைத்தேயிலையை வாங்க ஆளில்லாமல் போன வருஷம், காரட் போடலாமென்று நம் மேட்டுத் தேயிலையை வேரோடு எடுத்தீர்கள். காரட்டும் அழுகியது, பேக்டரியும் மூடியது, நீங்களும் பிழைப்புக்குத் திருப்பூருக்கு இறங்கினீர்கள். மேடு மொட்டையாக நின்றது. சித்திரை மழைக்கே மண் கரைந்து முத்துவேல் வீட்டுச் சுவரைத் தொட்டது. அப்போது அவர்கள் வேலை தேடிக் கூடலூர் பக்கம் போயிருந்தார்கள்.

பெர்ன்ஹில் பங்களாவில் தோட்ட வேலை பார்க்கும் சில்வஸ்டரிடம், கத்தரித்துப் போட்ட வெர்பினாவை ஒரு சாக்கு கேட்டு வாங்கினேன். தரையோடு படர்கிற ஊதாப் பூ. கணுவுக்குக் கணு வேர் விட்டு மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றார். விரல் நீளத்துக்கு நறுக்கி ஊன்றினேன். ஓடும் கொடி மேல் சின்னக் கல் வைத்தேன், நுனியைக் கிள்ளிவிட்டேன். ஆடிச் சாரலில் மேடு முழுக்க மூடிக்கொண்டது. புரட்டாசியில் பூ ஓய்ந்ததும், மறுபடி கிளைக்கட்டும் என்று ஒட்ட வெட்டினேன். பார்க்க வெறும் பச்சைதான்.

ஐப்பசியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். அரிசி கொடுத்தேன். சும்மா வாங்கக் கருப்பம்மாளுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக நான் குன்னூர் போன அன்று, கேட்காமலே மேட்டில் இறங்கியிருக்கிறாள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு கொடி இல்லை. வேரைக்கூடக் கிளறி எடுத்திருந்தாள். சிலோன் தோட்டத்திலும் இங்கேயுமாக முப்பது வருஷம் தரையில் படர்ந்ததையெல்லாம் பிடுங்கியே சம்பளம் வாங்கிய கை. இம்புட்டுக் களைய வளர விட்டிருக்கீங்களேம்மா, எங்க கங்காணி பாத்தா உங்களுக்கு அரைப்பேருதான் போடுவாரு, பாதி நாள் கூலி போச்சு என்று சிரித்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளம்.

நானும் சிரித்தேன். நல்லா செஞ்சீங்க என்று டீ போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது என்று அப்போது நினைத்தேன். மழை வரும்போது அந்த வீட்டில் படுக்காதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். பூச்செடி போனதற்கா வீட்டை விடச் சொல்கிறாள் என்று கேலி செய்வார்களோ என்று வெட்கப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போனது.

விடிய விடிய மழை பெய்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வீட்டில் படுத்திருந்த முத்துவேலின் இருமலுக்கு வெந்நீர் வாங்கக் கருப்பம்மாள் நம் அடுப்படியில் நின்றபோதுதான் மண் சரியும் சத்தம் கேட்டது.

இப்போது நம் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள். பாழாப்போன மழை என்று மழையைத்தான் ஏசுகிறாள். நீங்க வெந்நி காச்ச லேட்டாக்குனதால நான் பொழச்சேன் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என்னால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இப்போது லீவு கிடைக்காது என்றீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எப்படியாவது வந்துவிடுங்கள். வந்து அவள் எதிரில் உட்காருங்கள். மேட்டைப் பிடித்திருந்த தேயிலையை எடுத்தது நான் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அங்கே இருப்பது ஆபத்து என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு நான் சொல்கிறேன். அவள் பிடுங்கியது களை என்றே இருக்கட்டும். அதை மட்டும் நாம் இருவரும் சாகும்வரை சொல்ல வேண்டாம்.

உங்களை எதிர்பார்த்து,
கோகிலவாணி