மரச்சீனி தின்ற எலி

கொல்லயில் கிராமம்
கொல்லம் ஆண்டு 1095 சித்திரை 8

அத்தானுக்கு அடியாள் கல்யாணசுந்தரி எழுதியது.

வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். நேற்று பாறசாலை கோயிலில் தீபாராதனை நேரம் நான் விட்ட ஏப்பத்தில் கொட்டுக்காரனே கையை நிறுத்திப்போட்டான். எல்லாம் உளுந்தங்கஞ்சி செய்த வேலை. உளுந்து, பயறு, பால் ஒண்ணும் அடுக்களையில் ஏறக்கூடாது என்று உங்கள் கடுதாசி வந்த கையோடு இரண்டு கிண்ணம் குடித்தேனாக்கும்.

அமெரிக்காவில் எலிக்குப் பருப்புச் சத்தைக் குறைத்தார்களாம், அது வளராமலே கிடந்து நெடுநாள் இருந்ததாம். அந்தச் சத்து பல மணி கோத்த மாலை, ஒரு மணியைக் குறைத்தாலே ஆயுசு கூடும் என்கிறீர்கள். இருக்கட்டும். பேறுகாலத்துக்கு வந்திருக்கும் நம்ம மகள் உமைக்கு இது ஏழாம் மாசம். வயிற்றுப் பிள்ளை வளரவேண்டாமா? வெறும் மரச்சீனிக் கிழங்கைக் கொடுத்து அவளை வாட்ட எனக்கு ஒக்காது. அவளுக்கு உளுந்தும் உண்டு, பாலும் உண்டு.

கல்யாணசுந்தரி

திருவனந்தபுரம்
சித்திரை 14

சௌபாக்கியவதி கல்யாணசுந்தரிக்கு ஆசீர்வாதம்.

விளையாட்டை விடு. அப்பாவும் அண்ணனும் நாற்பத்தாறில் போனார்கள். ஆவணியில் எனக்கு நாற்பத்தாறு. பேரப்பிள்ளையைப் பார்க்க நான் இருக்கவேண்டாமா? நீங்களும் இருக்கவேண்டாமா? அத்தாட்சிக்கு ஒரு எலியைக் கூட்டில் அடைத்து வண்டிக்காரன் பொன்னுதாஸிடம் கொடுத்திருக்கிறேன். மரச்சீனி மட்டும் போடு. அந்த எலி இருக்கும்வரை நம் அடுக்களையில் உளுந்து வேகக்கூடாது. வெந்தால் பேறுகாலத்துக்கும் வரமாட்டேன்.

காந்திமதிநாதன்

கொல்லயில்
சித்திரை 20

அத்தானுக்கு,

எலி வந்தது. நீங்கள் குடைக்கம்பி மாதிரி ஆயாச்சு, வேலை பார்க்கிற கச்சேரிப் படி ஏற மூச்சு வாங்குகிறீர்கள் என்று பொன்னுதாஸ் சொல்லுதான். நாற்பத்தாறைக் கண்டு எனக்கும் பயம் உண்டு. அதுக்காக நாற்பத்தஞ்சிலேயே ஆளை எலும்பாக்கணுமா? உமைக்குக் கஞ்சி நிற்காது. நீங்கள் வந்தாலும் நிற்காது, வராவிட்டாலும் நிற்காது. வந்தால் உங்களுக்கும் ஒரு கிண்ணம் வைப்பேன். வேண்டாமென்றால் அதையும் நானே குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போவேன்.

கல்யாணசுந்தரி

எழுத விட்டுப்போனது: எறும்பு ஏறாதிருக்க எலிக்கூட்டை உறியில் தொங்கவிட்டிருந்தேன். இன்று காலை உறிக்கயிறு அறுந்தது. விழுந்ததில் கூட்டுக் கதவு திறந்தது. கீழே பூனை படுத்திருந்தது. மரச்சீனி மிச்சம் இருக்கிறது.