ஆறாம் நாள் எண்ணிக்கை

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒடிந்தது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கரமனை முக்கில் செல்லத்துரை சாருக்குப் பெரிய பிளக்ஸ். படம், மாலை, கீழே மலையாளத்தில் அஞ்சலி. தமிழ் ஒரு எழுத்து இல்லை. எஸ்டேட் பள்ளியில் காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு! இறந்து பதினாறு நாள். நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, இப்போது என்ன?

மாலை அவர் மகன் முருகேசன் வந்தான். அரசாங்க ஆபீசர்.

"மாமா, ஞாயிறு நாலு மணிக்கு வாசகசாலை ஹால்ல அப்பாவோட அனுஸ்மரணம், நினைவுக் கூட்டம். நீங்க ரெண்டு வாக்கு பேசணும், கேட்டோ."

"எனக்கும் உங்கப்பாவுக்கும் பேச்சு கிடையாதுன்னு தெரியாதா?"

"அறியாம் மாமா, தெரியும். அம்மா சொல்லித்தான் வந்தேன்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? போனால் உள்ளதைச் சொல்வேன்.

உள்ளது இது. இரண்டு குடும்பமும் நகரத்துக்கு இறங்கும் முன், எஸ்டேட் காலம். என் மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. மலைக்குக் கீழே விதுராவில் மலையாளப் பள்ளியில் சேர்க்க எல்லாம் பேசி முடித்திருந்தேன். மழையில் நனைந்துகொண்டு சார் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். தாய்மொழி, தாய்மொழி என்று ஒரு மணி நேரம். நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். டீப்பெட்டி மேல் இருந்த எழுத்தைப் பார்த்துத் தானாகப் படித்தவன். மயங்கிவிட்டேன். தமிழ் வகுப்பில் சேர்த்தேன். அடுத்த ஜூனில் அவர் மகன் விதுராவில், மலையாளத்தில்!

அவன் ஆபீசர். என் மகள் காலேஜில் பிரீடிகிரி தோற்று, மலையாளத்தில் நடக்கும் பி.எஸ்.சி. வேலைப் பரீட்சை மூன்று தடவை எழுதித் தோற்று, கிழக்கேகோட்டை ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். பரீட்சை எழுதும் வயது அவளுக்குத் தாண்டிய அன்று சாரிடம் பேச்சை நிறுத்தினேன்.

ஜூன் 6, வெள்ளி

மழை விட்டுவிட்டு. மாத்திரை வாங்கியாயிற்று. கேஸ் புக் செய்ய மறந்தேன்.

வேண்டாத நினைவு. பெண்கள் ஏழு மணிக்கே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பரட்டைத் தலையோடு பள்ளிக்கு வரும். மணி அடிக்கும் முன் சார் வராந்தாவில் உட்கார்ந்து, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் சடை பின்னுவார். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்த சின்ன வயசு வாத்தியார். எங்கே கற்றாரோ. செல்விக்கு இரட்டைச் சடை.

போன வருஷம்கூட அவர் வீட்டைத் தாண்டும்போது பார்த்தேன். அவர் மனைவி கோமதியம்மாவுக்குத் தோள் தூக்க முடியாது. வாசலில் வைத்து சார் அவருக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சீப்போடு எழுந்தார். நான் நடந்துவிட்டேன்.

வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிடலாமென்று மத்தியானம் போனேன். கோமதியம்மா தலையை வெறும் முடிச்சாகப் போட்டிருந்தார். நான் வாய் திறக்குமுன்:

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், ஏசாதீங்க. அந்த வருஷம் தமிழ் வகுப்புல ஒரு பிள்ளை குறைஞ்சுபோச்சு. பள்ளிக்கூடம் திறந்து ஆறாம் நாள் தலை எண்ணி எழுதுவாகல்லா? கணக்கு வரலைன்னா வகுப்பு போச்சு, இவுக வேலையும் போச்சு. அஞ்சாம் நாள்தான் உங்க வீட்டுக்கு வந்தாக."

"முருகேசனை மட்டும் மலையாளத்துல போட்டீங்களே?"

"நான் போட்டது. இவுக ரெண்டு நாள் சோறு திங்கலை."

வரமாட்டேன் என்று சொல்லாமலே வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. தன் வேலைக்காக என் பிள்ளையைப் பலி கொடுத்திருக்கிறார். ஆனால் நான் ஒன்பது வருஷம் கோபப்பட்டது வேறு காரணத்துக்கு: ஊர்ப் பிள்ளைக்குத் தமிழ், தன் பிள்ளைக்கு மலையாளம் என்று. அந்தக் காரணம் பொய்யாகிவிட்டது. இது அதைவிடப் பெரிய காரணம். அப்படியானால் கோபம் கூட வேண்டுமே, கூடவில்லை.

வேலை போகிறது அண்ணாச்சி என்று சார் அன்றைக்கே வாய் விட்டுக் கேட்டிருந்தால் பிள்ளையைக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன். மாட்டேன். தெரியவில்லை.

ஜூன் 7, சனி

வெயில். துணி காய்ந்தது. பலாப்பழம் பாதி அழுகல்.

கடைக்குக் கிளம்பின செல்வியை நிறுத்திச் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"யார் சொன்னா?"

"சார்தான். நான் பிரீடிகிரி தோத்தப்போ. அழுதார். உங்ககிட்டயும் சொல்லணும்னார். நான்தான் வேண்டாம்னேன். நீங்க பள்ளிக்கூடத்து வாசல்ல போய்ச் சத்தம் போடுவீங்க."

"போட்டிருப்பேன்!"

"அதான். பஸ் போயிரும்ப்பா."

ஆக என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சாரிடம் கோபம், கோமதியம்மாவிடம் கோபம், மகளிடம் கோபம். எதில் தொடங்குவது? வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்ல வந்து நின்றாரே, அது இதுதானா?

நாளைக்குச் சொல்ல ஒரு தாள் எழுதினேன். ஆறாம் நாள் விஷயம் முழுக்க. காரசாரம். இரண்டு இடத்தில் அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

போனேன். ஹால் நிறைய எஸ்டேட் ஆட்கள். செல்வி கடையில் லீவு சொல்லிவிட்டுப் பின்னால் நின்றாள்.

தாளை எடுக்கவில்லை. மைக்கில் சொன்னது, நினைவிருக்கிற வரை: "வகுப்புக்கு ஒரு பிள்ளை குறைஞ்சுது. செல்லத்துரை சார் மழையில என் வீட்டுக்கு வந்தார். காரணத்தைச் சொல்லாமலே என் மகளைக் கூட்டிட்டுப் போனார். அவ படிப்பு வீணாச்சு. உங்க எல்லாருக்கும் தமிழ் வகுப்பு இருந்தது அவளாலதான்."

குற்றம் சொன்னேன். கை தட்டினார்கள்! முன்வரிசை முருகேசன் தலை குனிந்திருந்தான். நடுவில் நாற்பது வயதுப் பெண்கள், அவர் சடை பின்னின பிள்ளைகள், எழுந்து பின்பக்கம் திரும்பி செல்வியைப் பார்த்துத் தட்டினார்கள். ஒருத்தி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டோவில் செல்வி, "நல்லாப் பேசினீங்கப்பா."

"குறை சொன்னேன்டீ."

"ஆமா. நல்லாச் சொன்னீங்க."

விட்டுப்போனது: கிளம்பும்போது கோமதியம்மா வாசல்வரை வந்தார். "இனி வீட்டுக்கு வருவீகளா அண்ணாச்சி?"

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "செவ்வாய்க்கிழமை" என்று வந்தது.